ரெட்டினா (விழித்திரை) ரத்தக்குழாய்: பார்த்ததில் இன்னும் உறுத்துவது எது?

ஒளிக்கீற்று
58 வயதுக்காரர், கண்ணாடி எண் பார்க்க வந்தவர். இரண்டு கண்ணும் 6/6. முந்தின நாள் வலக்கண்ணில் ஐந்து நிமிஷம் திரை இறங்கி ஏறியதாம். எழுந்து போகும்போதுதான் சொல்கிறார். டைலேட் செய்து (சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து), விழித்திரை பார்க்கும் 90 டி லென்ஸைப் பிடித்தால், கீழ்த் தமனி பிரியும் கவட்டையில் மஞ்சளாக ஒரு மினுக்கல். ஒளிக்கற்றையைச் சற்றே அசைத்தால் அபிரகத் துகள் மாதிரி பளிச்சிடுகிறது. குழாயைவிடத் துகளே அகலமாகத் தெரிகிறது, ஆனாலும் அதைத் தாண்டி ரத்தம் ஓடுகிறது. (கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஓடும் ரத்தத்தின் அகலம்தான், சுவர் தெரியாது, அதனால் வரும் தோற்றம்.) ஹாலன்ஹார்ஸ்ட் 1961இல் எழுதிய அதே கொழுப்புத் துகள். கழுத்துத் தமனிக்கு டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எழுதியாயிற்று. மறுநாள் எடுத்த படத்தில் துகளைக் காணோம்! ஒருநாள் தள்ளி வந்திருந்தால் சீட்டில் 'நார்மல்' என்றுதான் ஏறியிருக்கும்.

ஓ.பி.மருத்துவர்
டாப்ளர் எழுதியதோடு நிறுத்தியது போதாது. ஐந்து நிமிஷப் பார்வை இழப்பு பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு, அன்றைக்கே பக்கவாதப் பிரிவுக்குப் போக வேண்டியவர். மூளை ஸ்கேன், ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), டாப்ளர் எல்லாம் ஒரே மூச்சில். 50 தாண்டியவர் என்பதால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யும். துகள் மினுக்காமல் சுண்ணாம்பு வெள்ளையாக டிஸ்க்கை (பார்வை நரம்பு கண்ணோடு சேரும் வட்டம்) ஒட்டிக் கிடந்தால் இதய வால்விலிருந்து வந்திருக்கலாம். அப்போது கழுத்து டாப்ளர் சுத்தமாக வந்து ஏமாற்றும்.

மறக்காதது வேறொன்று. 34 வயது, ஒரு மாதத் தலைவலி, கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று வந்தவர். இரு கண்ணிலும் டிஸ்க்கின் விளிம்பே இல்லை, பஞ்சு மாதிரி வெள்ளைப் பொட்டுகள், மாக்குலாவை (கூர்பார்வை தரும் நடுப்பகுதி) சுற்றி நட்சத்திரம் வரைந்த மாதிரி மஞ்சள் கோடுகள். பி.பி. 220/130. பி.பி.யால் விழித்திரை கெடுவதைத் தரம் பிரிக்கும் 1939இன் கீத்-வேக்னர்-பார்க்கர் வரிசையில் நான்காம் நிலை, அதாவது கடைசி. பக்கத்தில் ஒருவர் பி.பி.யைச் சட்டென்று இறக்க நாக்கடியில் நிஃபெடிபின் மாத்திரை வைக்கப் போனார். கூடவே கூடாது. முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்கினால் மூளைக்கும் பார்வை நரம்புக்கும் ரத்தம் எட்டாமல் போகும்.

பச்சைவடிகட்டி
இரண்டும் சரி. ஆனால் ஆளாளுக்கு 'தமனி–சிரை விகிதம் 2:3, நார்மல்' என்று கண் மதிப்பில் எழுதுவதை எப்போது விடப்போகிறோம்? ஒரே கண், சில நொடி இடைவெளியில் இரண்டு படம். ஒரே குழாய் இரண்டு அகலம் காட்டியது. நாடி துடிக்கும்போது குழாயும் விரியும் சுருங்கும், அவ்வளவுதான் சங்கதி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டிஸ்க்கின் விளிம்பிலிருந்து அரை டிஸ்க் விட்டம் தள்ளி ஆரம்பித்து, ஒரு விட்டத்தில் முடியும் வளையத்துக்குள் மட்டும் அளக்க வேண்டும். பெரிய தமனி ஆறு, பெரிய சிரை ஆறு. பச்சை ஒளிப் படத்தில் அளந்தால் ரத்தம் கறுத்து ஓரம் தெளியும். குறைந்தது மூன்று படத்தின் சராசரி. கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்ணில் குழாய் மெலிந்தே தெரியும், அதை பி.பி. தலையில் கட்டாதீர்கள். முக்கியமாக, விகிதத்தை மட்டும் எழுதாதீர்கள்: தமனி சுருங்கினாலும் விகிதம் குறையும், சிரை விரிந்தாலும் குறையும். முன்னது பெரும்பாலும் பி.பி.யோடு போவது, பின்னது புகை, சர்க்கரை, அழற்சியோடு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

சொட்டு மருந்து விஷயம்: பி.பி. ஏறியவருக்கு கண்மணியை விரிக்க 10% ஃபினைலெஃப்ரின் சொட்டு வேண்டாம், ட்ராபிகமைட் சொட்டு மட்டும் போதும். 20–30 நிமிஷம் பிடிக்கும். பக்கவாதச் சந்தேகத்தில் அனுப்புகிறவர் என்றால் சொட்டு விட்ட நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் விரிந்த கண்மணியைப் பார்த்து அங்கே பதறுவார்கள்.

மென்பொருள்_பிரியர்
இதெல்லாம் இனி எதற்கு? 2018இல் கூகுள் குழு ரெட்டினாப் படத்தை வைத்தே வயது, பாலினம், பி.பி. எல்லாம் சொல்லிவிட்டதே.

பச்சைவடிகட்டி
2,84,335 பேரின் படத்தில் பழக்கிய பிறகும் மேல் பி.பி.யில் சராசரிப் பிழை 11 புள்ளிக்கு மேல். கையில் பட்டை கட்டினால் ஒரு நிமிஷ வேலை. வயதை மூன்றேகால் வருஷப் பிழையில் சொன்னது உண்மைதான், அதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: ஒரு முகாமின் படங்களில் வரிசையாகப் பலருக்கு 'வெள்ளைத் துகள்'. எல்லாப் படத்திலும் ஒரே இடம். கேமரா லென்ஸில் தூசி. இரு கண்ணின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும்.

ஒளிக்கீற்று
பக்கவாதப் பிரிவுக்கு அனுப்பாதது பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த 34 வயதுக்காரரின் நட்சத்திரம் பிறகு மறைந்ததா?

ஓ.பி.மருத்துவர்
டிஸ்க் வீக்கமும் பஞ்சுப் பொட்டும் சில வாரங்களில் போயின. நட்சத்திரம் கரைய மாதக்கணக்காயிற்று. தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் மேலுறை இரண்டுக்கும் ஒன்றே, தடித்த தமனி சிரையை அமுக்கும். அந்த நசுங்கல் பி.பி. 130/80க்கு வந்த பிறகும் அப்படியே இருக்கிறது.