லினக்ஸ் சர்வரில் நூறு யூசரை ஒரே அடியில் உருவாக்கிய கதைகள்: உங்களுக்கு நடந்ததையும் போடுங்கள்

டெர்மினல்_தாசன்:
நடந்து நாளாகிவிட்டது, ஆனாலும் அரித்துக்கொண்டே இருக்கிறது. பொறியியல் கல்லூரி, முதலாமாண்டு சி லேப். ஆபீஸிலிருந்து பெயர்ப் பட்டியல் எக்செல்லில் வந்தது. லேப் சார் அதை சிஎஸ்வி ஆக்கி, நோட்பேடில் கமாவையெல்லாம் கோலனாக மாற்றி, யூசர்ஆட் (கணக்கு உருவாக்கும் கட்டளை) லூப் ஓட்டினார். அப்புறம் அதே ஃபைலை, மொத்தமாகப் பாஸ்வேர்ட் வைக்கும் சிஹெச்-பாஸ்வேர்டுக்குக் கொடுத்தார். ஒரு எரர் கூட இல்லை.

மறுநாள் காலை யாருக்கும் லாகின் ஆகவில்லை. பட்டியலின் கடைசிப் பெயர் ஒரு மாணவி. அவள் மட்டும் உள்ளே போய் ஹலோ வேர்ல்ட் அடித்துக்கொண்டிருந்தாள். சார் நேராக அவளிடம் போய், "நீ மட்டும் எப்படிம்மா உள்ள போனே?" என்றார். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து எழுந்து நின்றுவிட்டாள் பாவம்.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். விண்டோஸ் ஃபைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கும். சிஹெச்-பாஸ்வேர்ட் அதை வெட்டி எறியாது, பாஸ்வேர்டின் கடைசி எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். கீபோர்டில் அதை யார் அடிக்க முடியும்? சார் நோட்பேடில் கடைசிக் காலி வரியை அழித்திருந்தார், அதனால் அந்தப் பெண்ணின் வரி மட்டும் சுத்தம். மறைந்த எழுத்தையும் காட்டும் கேட் மைனஸ் பெரிய ஏ போட்டதும் வரிக்கு வரி கேரட் எம் (அந்த கேரேஜ் ரிட்டர்னின் அடையாளம்) பல்லைக் காட்டியது. டாஸ்-டு-யுனிக்ஸ் ஓட்டி அதை நீக்கி, மறுபடி சிஹெச்-பாஸ்வேர்டுக்குக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்தல்.

ஸ்கெல்_செல்வி:
எங்களுடையது ஒரு பயிற்சி மையம். புது பேட்சுக்கு நியூயூசர்ஸ் கட்டளையில் ஒரே ஃபைலைக் கொடுத்து எல்லாக் கணக்கையும் நொடியில் போட்டார்கள். ஹோம் டைரக்டரி (அவரவர் கோப்புறை), ஷெல் (கட்டளை வாங்கும் நிரல்) எல்லாம் சரி. ஆனால் ஜாவா என்று அடித்தால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". கட்டளையை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் அமைப்பையெல்லாம், புது ஹோமுக்கு மாதிரியாக இருக்கும் இடிசி ஸ்கெல்லில் அழகாக எழுதி வைத்திருந்தோம். நியூயூசர்ஸ் ஹோமை உருவாக்குமே தவிர ஸ்கெல்லில் இருப்பதை அதற்குள் நகல் எடுக்காது. வகுப்பு எடுக்க வந்தவர் போர்டில் எழுதிய முதல் வரியிலேயே மொத்த வகுப்பும் நின்றுவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பழைய_ரூட்:
செல்வி மேடம், அதற்கு நியூயூசர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. யூசர்ஆட் மைனஸ் சிறிய எம் போட்டு லூப் ஓட்டியிருந்தால் ஸ்கெல் தானாக வந்திருக்கும். நேரம் மிச்சம் என்று பார்த்தால் இப்படித்தான்.

என் கதை சின்னது. இரண்டு சர்வர், ஹோம் மட்டும் என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாக ஃபைலைப் பகிரும் முறை) பொது. இரண்டாவது சர்வருக்குப் பட்டியல் வந்தபோது இடையில் ஒரு பையன் டிசி வாங்கிப் போயிருந்தான். அந்த வரியிலிருந்து கீழே எல்லாருடைய யூஐடியும் (சிஸ்டம் வரிசையாகத் தரும் கணக்கு எண்) ஒன்று குறைந்தது. என்எஃப்எஸ் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். தன் வீட்டில் ஒரு பொருளை வைக்க முடியாது, பக்கத்து வீட்டுச் சாவி மட்டும் கையில் இருக்கும் என்ற நிலை.

சரி, புதிதாகச் செய்பவர்களுக்குச் சிலது. யூஐடியை சிஸ்டம் தரட்டும் என்று விடாதீர்கள், பட்டியலிலேயே ஒரு தனி நெடுவரிசையில் எழுதிவிடுங்கள், எல்லா சர்வருக்கும் அதே எண். யூசர்ஆட் மைனஸ் பி-க்கு பாஸ்வேர்டை அப்படியே கொடுக்காதீர்கள், அது ஹாஷ் (பாஸ்வேர்டின் மறையாக்கிய வடிவம்) கேட்கும். கொடுத்ததை அப்படியே, ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ ஃபைலில் எழுதி வைக்கும், யாரும் லாகின் ஆக முடியாது. போதாததற்கு ஓடும் நேரத்தில் பிஎஸ் (ஓடும் கட்டளைகளைக் காட்டுவது) அடிப்பவன் கண்ணிலும் படும். டெபியனில் மைனஸ் எம் இல்லாவிட்டால் யூசர்ஆட் ஹோமை உருவாக்காது, ரெட்ஹேட்டில் உருவாக்கும். ஒன்றில் பழகியவன் மற்றதில் விழுவது இங்கேதான். ஷெல் ரேண்டம் மாறியை பாஸ்வேர்டாக வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மொத்தமே 32,768 எண்கள்தான், ஊகிக்க முடியாத பாஸ்வேர்ட் தரும் ஓபன்எஸ்எஸ்எல் ரேண்ட் இருக்கும்போது அது எதற்கு? பட்டியல் ஃபைலுக்கு 600 பெர்மிஷன் (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத), வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். கடைசியாக சேஜ் மைனஸ் டி பூஜ்யம். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தும். இதை மறக்கவே கூடாது.

ஸ்கெல்_செல்வி:
அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை, நடந்ததைத்தான் சொன்னேன். நியூயூசர்ஸைத் தேர்ந்தெடுத்ததும் நான் இல்லை.

நைட்ஷிப்ட்_நாகு:
ரூட் அண்ணன் சொன்ன கடைசி யோசனையால்தான் எங்களுக்கு வினையே வந்தது. சர்வர் கிளவுடில். கல்லூரி முழுக்க ஒரே பொது ஐபி வழியாக வெளியே போகும். சேஜ் போட்டாயிற்று. லாகின் ஆனதும் முதலில் பழைய பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கும், பாதிப் பேர் அங்கே புதியதை அடிப்பார்கள். இணைப்பு அறுந்துவிடும். எது பழையது எது புதியது என்று குழம்பி மாற்றி மாற்றி அடிப்பார்கள். சர்வரில் ஃபெயில்-டு-பேன் இருந்தது. அதன் வழக்கமான அமைப்பு, பத்து நிமிடத்துக்குள் ஐந்து தப்பு வந்தால் அந்த ஐபிக்குப் பத்து நிமிடம் தடை. ஐந்தாவது தப்பை யார் அடித்தானோ, மொத்த லேப்பும் ஒரே நேரத்தில் உறைந்துபோனது. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவர்களின் கர்சர் கூட அசையவில்லை.

முப்பது குரல் ஒன்றாக "சார்!" என்றது இன்னும் காதில் இருக்கிறது. ஒருத்தன் கரண்ட் போய்விட்டது என்றான், எதிரே மானிட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே.

பழைய_ரூட்:
அது சேஜின் தப்பா தம்பி? கல்லூரி ஐபியை இக்னோர் பட்டியலில் போடாதது யார் தப்பு? அடிப்படை விஷயம்.

கோவை_பெங்குவின்:
சண்டை வேண்டாமே. நான் பார்த்தது வேறு. செய்முறைத் தேர்வு, சர்வர் உபுண்டு 20.04. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நான்கு விடைத்தாளை வரிசையாகப் பரப்பி வைத்தார். நான்கிலும் கமெண்ட் வரியில் ஒரே எழுத்துப்பிழை, "ஃபேக்டோரியல்" என்பதில் ஓர் எழுத்து குறைவு. நான்கு பேரும் நான்கு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த உபுண்டுவில் புது ஹோம் 755 பெர்மிஷனோடுதான் பிறக்கும், முதல் ரேங்க் பையனின் ஃபைலை யார் வேண்டுமானாலும் கேட் போட்டுப் பார்க்கலாம்.

உபுண்டு 21.04-லிருந்து 750 ஆக்கி வெளியாருக்குக் கதவை மூடிவிட்டார்கள். ஆனால் எங்கள் லேப்பில் அடுத்த வருடமும் அதே கதை! எல்லாரையும் மைனஸ் சிறிய ஜி போட்டு "ஸ்டூடன்ட்ஸ்" என்ற ஒரே முதன்மைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். 750-இல் நடு ஐந்து குழுவுக்குப் போகிறது. ஒரே குழு என்றால் கதவு மறுபடி திறந்த கதவுதான். மைனஸ் பெரிய ஜி-யில் கூடுதல் குழுவாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் தனிக் குழு இருந்திருக்கும்.

தேர்வாளர் யாரையும் திட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு வசதி செய்து கொடுத்தால் நானும் பார்த்துத்தான் எழுதியிருப்பேன்" என்று சிரித்தார்.

டெர்மினல்_தாசன்:
பெங்குவின், அந்த நாலு பேருக்கும் மதிப்பெண் போட்டார்களா?

கோவை_பெங்குவின்:
வைவாவில் தனித்தனியாக வறுத்தெடுத்துவிட்டுப் போட்டார். அசல் எழுதியவனுக்குத்தான் எரிச்சல், அவனையும் சேர்த்து வறுத்தார்களே.

எண்_பெயர்:
ரோல் நம்பரையே யூசர் பெயராக வைப்பவர்கள் இங்கே யாராவது உண்டா? எங்கள் பழைய சர்வரில் வெறும் இலக்கப் பெயரை யூசர்ஆட் வாங்கிக்கொண்டது. இப்போதைய பதிப்புகள் பலவும் மறுத்துவிடும். படிப்பு முடிந்து ஒரு பையனின் கணக்கை நீக்கினார்கள். பிறகு யாரோ பழைய ஸ்கிரிப்டை ஓட்டினார்கள், அதில் அவன் எண்ணுக்கு சிஹெச்-ஓன் (ஃபைலின் சொந்தக்காரரை மாற்றும் கட்டளை) இருந்தது. எழுத்துப் பெயராக இருந்தால் "இன்வேலிட் யூசர்" என்று கத்தியிருக்கும். எண் என்பதால் அதை யூஐடி என்று எடுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் யாருக்கும் சொந்தமில்லாத எண்ணுக்கு எல்லா ஃபைலையும் எழுதிக் கொடுத்துவிட்டது. முன்னால் ஓர் எழுத்து சேர்த்திருந்தால் போதும். ஆபீஸில் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, ரோல் நம்பர் ரோல் நம்பராகவே இருக்க வேண்டுமாம்.