மரச்சட்டத்தில் பூட்டியதும் சென்சார் வேலை செய்யவில்லை: அம்மாவுக்கான ஸ்மார்ட் கண்ணாடி

ஆயர் ஈத்தாம் மகள் எழுதியது:

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மூன்று மாதமாக அம்மாவுக்காக ஒரு ஸ்மார்ட் கண்ணாடி, அதாவது பின்னால் திரை வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி, செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. இனிப்பு நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டும் உண்டு. போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் சில நாள் இரண்டு முறை போட்டுவிடுகிறார். போனை எடுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் காலையில் பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நிற்காத நாளே கிடையாது. மாத்திரை நேரத்தை அங்கேயே காட்டிவிடலாமே என்று தோன்றியது.

பழைய 22 அங்குல மானிட்டரின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிவிட்டு, அதன் முன் 3 மில்லிமீட்டர் இருவழிக் கண்ணாடி அக்ரிலிக் (முகமும் காட்டும், பின்னால் எரியும் எழுத்தையும் காட்டும் பிளாஸ்டிக் தகடு) வைத்திருக்கிறேன். பின்னால் ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ் என்ற சின்னக் கணினி போர்டு, அதில் தகவல்களைக் கண்ணாடியில் காட்டும் மேஜிக்மிரர் மென்பொருள். தெரிந்த தச்சர் ஒருவர் மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார். தமிழ் முதலில் கட்டம் கட்டமாக வந்தது. லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவியதும் சரியாகிவிட்டது. தேதி, ராகு காலம், மாத்திரை நேரம் மூன்றும் பெரிய எழுத்தில் அழகாகத் தெரிகின்றன.

சிக்கல் இதுதான். ஆள் வந்தால் மட்டும் திரை எரியட்டும் என்று ஆள் நடமாட்டத்தை உணரும் எச்.சி-எஸ்.ஆர்501 சென்சார் மாட்டினேன். மேசையில் கிடந்தபோது நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தாலே திரை எரிந்தது. அக்ரிலிக்குக்குப் பின்னால் வைத்துப் பூட்டிய பிறகு, அம்மா நேர் எதிரே நின்று கையை ஆட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. வயரை மூன்று முறை மறுபடி சாலிடர் செய்தேன். புது சென்சார் வாங்கிப் பார்த்தேன். அதே கதைதான்.

இன்னொன்று, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ராஸ்பெர்ரி தானாகவே அணைந்து மறுபடி தொடங்குகிறது. அதற்கு முன் திரையின் மேல் மூலையில் மின்னல் குறி ஒன்று வந்து போகிறது. அந்தச் சுவரில் ஒரே பிளக்தான், அதனால் மானிட்டரின் யூஎஸ்பி துளையிலிருந்தே ராஸ்பெர்ரிக்கு மின்சாரம் எடுத்திருக்கிறேன். இரவில் விளக்கை அணைத்தால் கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இதுவும் கோளாறா? தீபாவளிக்கு முன் சுவரில் மாட்டிவிட ஆசை.

செந்தூல் சாலிடர் எழுதியது:

தங்கச்சி, சென்சாரிலும் குறையில்லை, உங்கள் சாலிடரிலும் குறையில்லை. அந்த அக்ரிலிக்தான் மறைக்கிறது.

அந்த சென்சார் பார்ப்பது நம் உடம்பு விடும் வெப்பக் கதிரை. அதன் அலைநீளம் ஏறக்குறைய 10 மைக்ரான். நம் கண் பார்க்கும் ஒளியோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். அக்ரிலிக்கும் சரி, சாதாரணக் கண்ணாடியும் சரி, ஒளியை விடும், வெப்பக் கதிரை விடாது. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி, புடு ஜாலான் பசாருக்கு நானும் மூன்று முறை அலைந்து சென்சார் வாங்கியிருக்கிறேன்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சென்சாரை வெளியே எடுத்து, ஒரு போட்டோ சட்டத்தின் கண்ணாடியை அதன் முன் பிடித்துக்கொண்டு அம்மாவை நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணாடிக்குப் பதில், மளிகைக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடியுங்கள். அந்தப் பை பாலிஎத்திலீன். சென்சாரின் வெள்ளைக் குமிழும் அதே இனம்தான்.

தீர்வு எளிது. சட்டத்தின் கீழ்க்கட்டையில் 23 மில்லிமீட்டர் துளை போட்டு, குமிழை மட்டும் வெளியே நீட்டிவிடுங்கள். சென்சாரை ராஸ்பெர்ரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வைஃபை அலை பட்டு ஆளில்லாமலே திரை எரியும். சென்சாரில் இரண்டு திருகு இருக்கும், அதில் நேரத்துக்கானதைக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, எத்தனை நிமிடம் எரிய வேண்டும் என்பதை மென்பொருளில் சொல்லுங்கள். மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது கண்டபடி காட்டும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ரேடார் சென்சார் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அது அக்ரிலிக்கை ஊடுருவும், உண்மைதான். மெல்லிய சுவரையும் ஊடுருவும். அடுத்த அறையில் யாராவது புரண்டு படுத்தாலும் உங்கள் திரை எரியும். அம்மாவுக்கு அது தொந்தரவு.

பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட் எழுதியது:

மின்னல் குறிக்கு நான் பதில் சொல்கிறேன். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது வரும். சாதாரண யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லிஆம்பியர். உங்கள் போர்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அடாப்டரோ 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். மானிட்டர் துளையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

அடாப்டர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கேபிளையும் பாருங்கள். மெல்லிய 28 கேஜ் கம்பி ஒன்றரை மீட்டர் நீளம் என்றால், போய் வரும் தடை 0.6 ஓமுக்கு மேல். ஓர் ஆம்பியர் ஓடினாலே 0.6 வோல்ட் கம்பியில் போய்விடும். மல்டிமீட்டர் இருந்தால் போர்டின் 2ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் இடையில் அளந்து பாருங்கள், மானிட்டர் துளையில் இருக்கும்போது ஒரு முறை, மாற்றிய பிறகு ஒரு முறை. இப்படி அடிக்கடி அணைந்தால் மெமரி கார்டும் ஒரு நாள் கெட்டுவிடும். இப்போதே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது முக்கியம். கூட்டைக் கழற்றிய மானிட்டரின் பவர் போர்டில் 230 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்தப் போர்டை விரல் படாதபடி மூடுங்கள். எர்த் கம்பி மானிட்டரின் உலோகத் தகட்டில் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் கையோடு அம்மா நிற்கும் இடம் அது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரேம் எழுதியது:

சாம்பல் நிறம் கோளாறு இல்லை. எல்சிடியில் கறுப்பு என்பது விளக்கு அணைவது அல்ல, பின்னால் எரியும் விளக்கை மறைப்பதுதான்; கொஞ்சம் கசியும். பிரைட்னஸை 50 சதவீதத்துக்கும் கீழே குறையுங்கள். பேனலைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கறுப்பு அட்டையால் அடையுங்கள். அறையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலே சாம்பல் தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் உள்ள பக்கத்துக்குத்தான் அது கண்ணாடி.

ஆயர் ஈத்தாம் மகள் எழுதியது:

அண்ணே, மூவருக்கும் நன்றி. போட்டோ கண்ணாடியைப் பிடித்தேன். அம்மா இரண்டு முறை குறுக்கே நடந்தார், திரை அப்படியே இருண்டிருந்தது. பிளாஸ்டிக் பையைப் பிடித்தேன். அவர் முதல் அடி வைத்ததுமே எரிந்தது. "பை வழியாத் தெரியுது, கண்ணாடி வழியாத் தெரியலையா?" என்று அம்மா பையை வாங்கித் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்.

மானிட்டர் துளையில் 4.48 வோல்ட் காட்டியது. தனி அடாப்டரும் தடித்த குட்டைக் கேபிளும் போட்ட பிறகு 5.02. இரண்டு நாளாக மின்னல் குறியே வரவில்லை. எர்த் கம்பி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது, நல்லவேளை சொன்னீர்கள். முறுக்கிவிட்டேன், பவர் போர்டுக்கும் மூடி போட்டாயிற்று.

சட்டம் இப்போது தச்சரிடம் இருக்கிறது. துளையைக் கீழ்க்கட்டையின் நடுவில் போடாமல் இடது ஓரமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நடுவில்தான் அம்மா குங்குமச் சிமிழை வைப்பார்.