எண்டோகாஸ்ட்: பெயரில் மூளை வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, எண்டோகாஸ்டுக்கு, அதாவது மண்டையோடு போன்ற உட்குழிவில் நிரம்பி அதே வடிவில் இறுகிய கல்லுக்கு, இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: மூளைப்படிவம், கல்மூளை, அகவார்ப்பு. 'கல்மூளை' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாளே கடைசி பெஞ்சில் யாருக்காவது பட்டப்பெயர் ஆகிவிடும். அது போகட்டும். முதல் இரண்டிலும் எனக்கு இடிப்பது 'மூளை' என்ற சொல்.

டவுங் குழந்தை என்கிற ஆதிமனிதப் புதைபடிவத்தைப் பாருங்கள். 1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட்டுக்குப் பெட்டியில் கற்கள் வந்தன. அவர் கண்ணில் முதலில் பட்டது மண்டையோடு அல்ல, மூளை வடிவில் இருந்த ஒரு கல். அது போய்ப் பொருந்துகிற குழியுள்ள இன்னொரு கல்லும் அதே பெட்டியில் இருந்தது. அதைப் பின்னல் ஊசியாலும் உளியாலும் வாரக்கணக்கில் சுரண்டியபோதுதான் பால்பற்களோடு குழந்தை முகம் வெளியே வந்தது. நிரந்தரப் பற்களில் முதல் கடைவாய்ப் பல் அப்போதுதான் முளைத்திருந்தது. மூன்று நான்கு வயது இருக்கலாம். மூளைக்கு இருந்த இடம் ஏறத்தாழ 400 கன செ.மீ., வளர்ந்த சிம்பன்சி அளவு. ஆனால் தண்டுவடம் இறங்கும் பெருந்துளை மண்டையின் பின்பக்கம் இல்லாமல் அடியில் முன்னே தள்ளி இருந்தது. நிமிர்ந்து நடந்த உயிர் என்று டார்ட் 1925இல் எழுதியதற்கு அதுவே முக்கியச் சான்று.

சரி, அந்தக் கல் என்ன? மூளை அழுகிப் போனபின் காலி மண்டைக்குள் வண்டல் புகுந்து இறுகியது. அதில் பதிந்திருப்பது ஓட்டின் உட்சுவர். மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவே உறைகள் உண்டு. அதனால் இரத்தக் குழாய்த் தடம் ஓரளவு தெளிவாக விழும், மூளை மடிப்புகள் மங்கித்தான் விழும். டவுங் கல்லில் பிறைப்பள்ளம் எங்கே இருக்கிறது என்று (மூளையின் பின்பகுதியில் உள்ள லூனேட் சல்கஸ் என்ற பள்ளத்துக்கு இது என் சொல், பிடிக்காவிட்டால் தனி இழையில் அடிக்கலாம்) மானிடவியலாளர்கள் ரால்ஃப் ஹாலோவேயும் டீன் ஃபாக்கும் பல்லாண்டு மல்லுக்கு நின்றது இந்த மங்கலால்தான். மூளைப்படிவம் என்று பெயர் வைத்தால், மாணவருக்கு இந்தச் சண்டை ஏன் என்றே புரியாது.

கொப்பரை நல்ல உவமை. காய்ந்த தேங்காயில் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்று உருளும், வடிவம் மட்டும் ஓட்டினுடையது. சொல்லாக வைக்க முடியாது, பாடம் நடத்த உதவும்.

அம்பத்தூர் ஐயா, வார்ப்பு என்றால் உருகிய உலோகம், வண்டலுக்கு அது பொருந்தாது, எங்கள் வார்ப்புப் பட்டறையில் அச்சுக்கு உள்ளே இருப்பதைக் 'கோர்' என்றுதானே சொல்வோம் என்று கேட்டிருந்தீர்கள். ஐயா, ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கிற ஊர் நம்முடையது, வீட்டில் வார்ப்பது தோசை. வார்த்தலுக்கு உலோகம் கட்டாயமில்லை. கோர் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி, உட்குழிவை நிரப்பி நிற்பது அதுதான். ஆனால் பட்டறையில் கோர் முதலில், அதைச் சுற்றித்தான் உலோகம். இங்கே ஓடு முதலில், கல் பிறகு.

எனவே என் ஓட்டு அகவார்ப்புக்கு. அகச்சட்டகம், புறச்சட்டகம் என்று ஏற்கெனவே புழங்குவதால் அக- என்ற முன்னொட்டு புதிதல்ல. அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட்டுகளில் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரிகளின் புதைபடிவங்கள்) ஓடு கரைந்துபோய் உள்ளே நிரம்பிய கல் மட்டும் மிஞ்சுவதுண்டு, அதற்கும் இதே சொல் பொருந்தும். மண்டையைக் குறிக்கும்போது 'மண்டை அகவார்ப்பு', சி.டி. ஸ்கேனிலிருந்து திரையில் எடுப்பதற்கு 'கணினி அகவார்ப்பு'.

'கபால அகவார்ப்பு' வேண்டும் என்று மயிலாப்பூர்க்காரர்கள் யாராவது கேட்பார்கள், தெரியும். எனக்கு மண்டையே போதும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.