புதுப்பிப்பு: டெர்மினலில் 8 நிறம்தான் வருகிறது என்று கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது

எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் நிரல்) வழியாக சர்வருக்குள் போய் டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல சாளரங்களைத் தரும் நிரல்) திறந்தால் விம் எனும் உரைத் திருத்தியின் நிறங்கள் மங்கிப்போகின்றன என்று போன வாரம் எழுதியிருந்தேன். எத்தனை நிறம் என்று சொல்லும் 'டிபுட் கலர்ஸ்' கட்டளை 8 என்றே காட்டியது.

காரணம் சர்வரின் பாஷ்ஆர்சி கோப்பில் (பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) இருந்த ஒரு பழைய வரி. அது டெர்மினல் வகையின் பெயரைச் சொல்லும் டெர்ம் மாறிக்கு 'ஸ்கிரீன்' என்று மதிப்புக் கொடுத்திருந்தது. டிபுட் டெர்மினலிடம் எதையும் கேட்பதில்லை. டெர்ம் சொல்லும் பெயரை டெர்மினல் வகைகளின் திறன்களைப் பட்டியலிடும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தில் தேடி, அங்கே இருப்பதைப் படிக்கிறது, அவ்வளவுதான். 'ஸ்கிரீன்' என்ற பெயருக்கு அங்கே இருப்பது 8.

வரியை எடுத்துவிட்டு டிமக்ஸ் அமைப்பில் டெர்ம் பெயராக 'டிமக்ஸ்-256கலர்' வைத்தேன். சர்வரில் அந்தப் பெயருக்கான பதிவே இல்லை! என் கணினியில் 'இன்ஃபோசிஎம்பி -எக்ஸ்' கட்டளை கொடுத்து அந்தப் பதிவை எடுத்து, சர்வரில் 'டிக் -எக்ஸ்' மூலம் ஏற்றினேன். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவைப்படவில்லை, வீட்டு அடைவிலேயே பதிந்துகொண்டது. இப்போது 256.

அப்புறம் ஒன்று: 256 என்று வந்தாலும் உங்கள் டெர்மினல் 24 பிட் நிறத்தையும் (256-ஐவிட மிக அதிகமான நிறங்கள்) காட்டக்கூடும். கலர்டெர்ம் மாறியில் 'ட்ரூகலர்' இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் எஸ்எஸ்எச் வழக்கமாக அதைச் சர்வருக்குக் கடத்தாது. ஒரு நிறப்பட்டையை அச்சிட்டுக் கண்ணால் பார்ப்பதைத்தான் நான் நம்புகிறேன். படிக்கட்டு போலத் தெரியாமல் வழுவழுவென்று மாறினால் 24 பிட் வேலை செய்கிறது.