மறு: அப்ஸ்ட்ரீமுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செவ்வாய், காலை 9.10

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை கல்லூரியில் ஆவணமாக்கப் பயிற்சி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரலுக்குக் கையேட்டுப் பக்கம் இல்லாவிட்டால் அதையே வழுவாகக் கணக்கெடுக்கிறார்கள். புதிதாக வருகிற மாணவர்கள் கை வைக்க நல்ல இடம் இது. குறிப்பேட்டில் ஒரு வரி மட்டும் நிற்கிறது: “எழுதிய பக்கத்தை டெபியனோடு நிறுத்தாமல் அப்ஸ்ட்ரீமுக்கும் அனுப்புங்கள்.” அப்ஸ்ட்ரீம் என்றால் அந்த நிரலை முதலில் எழுதி வெளியிடுபவர்கள், டெபியன் அவர்களிடமிருந்து எடுத்துத் தருகிறது. வெள்ளி இரவு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் தாருங்கள்.

* * *

செவ்வாய், பகல் 12.40

மேலோடை. வேறென்ன யோசனை வேண்டியிருக்கிறது?

* * *

செவ்வாய், இரவு 8.05

> மேலோடை

மேலோட்டம் என்று படித்துவிட்டேன், மாணவர்களும் அப்படித்தான் படிப்பார்கள். மூலத்திட்டம் என்று வையுங்கள், யாருக்கும் புரியும்.

* * *

செவ்வாய், இரவு 10.30

மூலம் வடசொல் என்பது ஒரு பக்கம். மூலநிரல் என்று சோர்ஸ் கோடுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒரே பக்கத்தில் மூலநிரலும் மூலத்திட்டமும் வந்தால் எது எது என்று பிள்ளைகள் திணறுவார்கள். (மருத்துவக் கல்லூரியாக இருந்தால் சிரிப்பு வேறு.)

* * *

புதன், காலை 6.15

ஐயா, நான் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டில் புழங்கும் சொல்லே இருக்கிறது: தலைமடை, கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும், தலைமடைக்காரர் நாற்று விட்ட பிறகுகூட எங்கள் வாய்க்காலில் நண்டு வளைதான் தெரியும். ஆவணத்துக்கும் இதே கணக்கு. டெபியன் பொதியில் மட்டும் திருத்தினால் அந்த வயலோடு சரி, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ்காரருக்குப் பழைய பிழைதான். தலைமடையில் சேர்த்தால் எல்லா வாய்க்காலுக்கும் போகும். மொழிபெயர்ப்பிலும் அப்படியே. ஆங்கில மூலத்தில் தப்பு இருந்தால் தமிழ் வரியில் மட்டும் சரிசெய்து விடுகிறோம். பிறகு அவர்கள் அந்த வரியை மாற்றும்போது நம் வரி ‘ஃபஸ்ஸி’ (மறுபடி சரிபார்க்க வேண்டியது) என்று மஞ்சளாகி நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

* * *

புதன், பகல் 1.20

வவுனியாவிலிருந்து. தலைமடை எண்டால் விளங்குது தம்பி, ஆனால் எங்கட பக்கம் குளத்தில தண்ணி திறந்து விடுற மடைக்குத் துருசுதான். மிஞ்சின தண்ணி போற இடம் வான். உங்கட கலிங்கு எங்களுக்கு வான் எண்டு நினைக்கிறன், சரியோ? சொல்லில எனக்கு மறுப்பில்லை. ஆனால் டெபியனை வைச்சுச் செய்த உபுண்டுக்கு டெபியன் தலைமடை, டெபியனுக்கு அந்த நிரலை எழுதினவர் தலைமடை. நடுவில நிக்கிற டெபியனை என்னெண்டு சொல்லுறது, இடைமடையோ?

* * *

புதன், இரவு 11.50

கலிங்கு பற்றித் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

மூலத்தைத் தள்ளியவர் பெரியபுராணத்தைப் பார்க்கவில்லை போலும். புத்தூர் மணப்பந்தலில் சுந்தரர் கிழித்துப்போட்டது படி ஓலை. மூல ஓலை பத்திரமாக இருந்தது, வழக்கு வெண்ணெய்நல்லூர் போனபின்தான், சுந்தரர் தன் அடிமை என்று வழக்காடிய கிழவர் (வேடமிட்டு வந்த சிவன்) அதை வெளியே எடுத்தார். மூலமும் படியும் என்ற பிரிவு சேக்கிழாரிடமே இருக்க, புதிதாக மடை வெட்டுவானேன்? தவிர, தண்ணீர் தலைமடையிலிருந்து இறங்கும். நாம் திருத்தத்தை மேலே ஏற்றச் சொல்கிறோம். உவமை தலைகீழ்.

* * *

வியாழன், காலை 7.00

> உவமை தலைகீழ்

தண்ணீர் ஏறாது, சரி. மனு ஏறும். கடைமடைக்காரன் தலைமடைக்குப் போய்க் கேட்டுத்தான் தண்ணீர் வாங்குகிறான்.

* * *

வியாழன், பகல் 3.45

எனக்குக் கடைமடைதான் இடிக்கிறது. ‘தண்ணி வராத ஊர்’ என்ற குறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. டெபியன்காரரிடம் போய் நீங்கள் கடைமடை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

* * *

வெள்ளி, இரவு 10.20

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். “தலைமடைக்கும் (அதாவது மூலத்திட்டத்துக்கும்) அனுப்புங்கள்” என்று போட்டுவிட்டேன். கடைமடையை எங்கும் எழுதவில்லை. எல்லோருக்கும் நன்றி.

* * *

வெள்ளி, இரவு 11.55

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் சொல். வெளியே இருப்பது உவமை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

அடுத்து மெயின்டெயினருக்கு (பொதியைப் பராமரிப்பவருக்கு) சொல் தேடுவீர்கள் அல்லவா? மடையைத் திறந்து மூடுபவருக்கு மடையர் என்று பழைய பெயர். தலைமடை எடுத்த தம்பியே அந்தக் கடிதத்தையும் அவருக்கு எழுதட்டும்.