தையல் கடை ஆர்டர் ஷீட்: டெலிவரி தேதி நிறம் தப்பாக வருகிறது, அளவும் ஆள் மாறுகிறது

ஊசிமுனை:

வணக்கம். பிளவுஸ், சுடிதார் தைக்கும் கடை. மூன்று மெஷின், மாதம் 200 துணிக்குக் குறையாது. பில் புத்தகம் இருக்கிறது, அதோடு கூகுள் ஷீட்டிலும் ஆர்டரை ஏற்றுகிறோம். நாளைக்குள் கொடுக்க வேண்டியதெல்லாம் சிவப்பாகத் தெரியும்படி வைத்திருக்கிறோம். நான்கு சிக்கல்:

1. செப்டம்பர் 5 டெலிவரி, ஆகஸ்டில் ஏற்றிய உடனேயே சிவப்பாகிவிட்டது. செப்டம்பர் 10 ஆகவே இல்லை. 25-ம் தேதி போட்டவை எந்த நாளிலும் நிறம் மாறுவதில்லை.
2. சரியாக வரும் வரிசைகளும் காலையில் மாறுவதில்லை, மதியத்துக்கு மேல்தான் மாறுகின்றன.
3. யாரோ பெயர் வரிசைப்படி அடுக்கியதில் போன் நம்பர்கள் ஆள் மாறிப் போயின.
4. வாடிக்கையாளர் எண்ணைப் போட்டால் அளவு தானாக வரும்படி விலுக்அப் (தேடி எடுக்கும் சூத்திரம்) வைத்தோம். சில நேரம் வேறொருவர் அளவு வருகிறது.

இதை விட்டுவிட்டு வேறு ஆப் வாங்கலாமா, இதையே சரி செய்யலாமா?

---

கட்டம்கட்டி:

வேறு ஆப் வேண்டாம். நான்கும் ஷீட்டிலேயே தீரும். முதல் இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது.

கணினியில் ஃபைல் → செட்டிங்ஸ் திறந்து பாருங்கள். லொக்கேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று இருக்கும். அமெரிக்க டெம்ப்ளேட்டை நகலெடுத்தால் அந்த அமைப்பும் கூடவே வந்துவிடும். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நீங்கள் 05/09 என்று அடித்தது மே 9 ஆகிவிட்டது, அது கடந்து போன நாள், அதனால் உடனே சிவப்பு. 10/09 அக்டோபர் 9 ஆனது. 25/09-க்கு 25-வது மாதம் கிடையாதே, அதனால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலப்பக்கம் நின்றால் தேதி. நீங்களாக இடம் மாற்றி வைக்காதவரை இந்த அடையாளம் பொய்க்காது.

அதே பக்கத்தில் டைம் ஸோன் பசிபிக் நேரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். 'இன்று' எது என்பதை ஷீட் தன் டைம் ஸோனை வைத்துத்தான் முடிவு செய்கிறது, உங்கள் போன் கடிகாரத்தை வைத்து அல்ல. அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு மதியம் 12.30, அவர்களது குளிர்காலத்தில் 1.30. மதியத்துக்கு மேல் நிறம் மாறுவது அதனால்தான்.

லொக்கேலை இந்தியா என்றும் டைம் ஸோனை கொல்கத்தா என்றும் மாற்றிச் சேமியுங்கள். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஏற்கெனவே தப்பாகப் பதிவான தேதிகள் திருந்தாது. மே 9 என்று உள்ளே போனது மே 9 ஆகவேதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் 09/05 என்று புரண்டு தெரியும். 12-ம் தேதிக்கு மேற்பட்டவை எழுத்தாகக் கிடப்பதால் எளிதில் கண்டுபிடிக்கலாம். 12-க்குள் இருப்பவைதான் ஆபத்து, பார்வைக்கு ஒழுங்கான தேதி போலவே இருக்கும். கொடுக்காமல் பாக்கி இருக்கும் ஆர்டர்களை மட்டும் பில் புத்தகத்தோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டுத் திரும்ப அடித்துவிடுங்கள். 60, 70 வரிசைக்கு மேல் இருக்காது. சூத்திரம் போட்டுத் திருத்தப் போனால் சரியாக இருப்பதையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

பிறகு தேதி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து, டேட்டா → டேட்டா வேலிடேஷன் → 'வேலிட் டேட்', தவறினால் 'ரிஜெக்ட்' என்று வையுங்கள். கட்டத்தை இருமுறை தட்டினால் நாட்காட்டி திறக்கும், அடிக்கிற வேலையே இல்லை.

மூன்றாவது சிக்கல்: பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்து 'சார்ட் ரேஞ்ச்' (வரிசைப்படி அடுக்கும் கட்டளை) கொடுத்திருப்பார்கள். பெயர் மட்டும் இடம் மாறும், மற்றவை அப்படியே நிற்கும். ஃபைல் → வெர்ஷன் ஹிஸ்டரி போய் அதற்கு முந்தைய பதிப்பைத் திறங்கள். அதை அப்படியே ரீஸ்டோர் செய்தால் அதற்குப் பிறகு ஏற்றிய ஆர்டரெல்லாம் ஷீட்டில் இருந்து போய்விடும். மூன்று புள்ளியைத் தட்டி 'மேக் எ காப்பி' எடுத்து, அதிலிருந்து பில் எண்ணை வைத்துப் பெயரை மட்டும் சரி பாருங்கள்.

இனி ஆளுக்கு ஒரு ஃபில்டர் வியூ. சாதாரண ஃபில்டரை ஒருவர் போட்டால் எல்லோர் திரையிலும் வரிசைகள் மறையும். ஃபில்டர் வியூவில் அடுக்குவதும் மறைப்பதும் அவரவர் திரையோடு நின்றுவிடும். கணினியில் உட்கார்ந்து 'நாளைய டெலிவரி', 'கட்டிங் பாக்கி' என்று பெயர் கொடுத்து உருவாக்குங்கள்.

---

காஜாபட்டன்:

நான்காவதற்கு நான் சொல்கிறேன். விலுக்அப்பில் கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' என்று கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். விட்டால் அது 'கிட்டத்தட்டப் பொருந்துவதை' எடுக்கும். 118 இல்லையென்றால் சத்தமில்லாமல் 117-இன் அளவைக் கொண்டுவந்து வைக்கும். பிழை என்று காட்டாது. துணியை வெட்டிய பிறகுதான் தெரியும்.

எக்ஸ்லுக்அப் என்ற தேடல் சூத்திரத்துக்கு மாறுங்கள். அது சொல்லாமலே துல்லியப் பொருத்தம்தான் பார்க்கும், கிடைக்காவிட்டால் 'அளவு இல்லை' என்று வரவைக்கலாம். இன்னொன்றும் உண்டு. அளவு மாறும்போது பழைய வரிசையை அழிக்காமல் கீழே தேதியோடு புது வரிசை சேர்ப்பதுதான் நல்லது. ஆனால் தேடல் மேலிருந்து கீழே வரும், முதலில் கண்டதைப் பழைய அளவென்றாலும் எடுத்துவிடும். எக்ஸ்லுக்அப்பின் ஆறாவது இடத்தில் -1 கொடுத்தால் கீழிருந்து தேடும், கடைசியாக எடுத்த அளவு வரும்.

அளவை 34.5, 14.25 என்று புள்ளி வைத்தே எழுதுங்கள். 1/4 என்று அடித்தால் ஏப்ரல் 1 ஆகிவிடும். பில் எண் 12-1 என்று எழுதினாலும் அதே கதிதான், ஜனவரி 12 ஆகும். பில் எண், போன் நம்பர் இரண்டு நெடுவரிசைகளையும் ஃபார்மட் → நம்பர் → 'ப்ளெயின் டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

---

ஊசிமுனை:

இருவருக்கும் நன்றி. லொக்கேல், டைம் ஸோன் இரண்டும் நீங்கள் சொன்னபடியே அமெரிக்காவில்தான் இருந்தன. ஒரு கேள்வி: ஒவ்வொரு ஆர்டரையும் கூகுள் காலண்டரிலும் போட்டால் நினைவூட்டல் வருமே, அது தேவையா? ஆரி வேலைக்கு (கொக்கி ஊசி எம்பிராய்டரி) வெளியே அனுப்பும் துணிகள்தான் தீபாவளி நேரத்தில் தாமதமாகின்றன.

---

கட்டம்கட்டி:

ஆர்டருக்கு ஒன்றாகக் காலண்டரில் போடாதீர்கள். வாடிக்கையாளர் தேதியைத் தள்ளினால் ஷீட்டில் திருத்துவீர்கள், காலண்டரில் பழையது நிற்கும். இரண்டு இடத்தில் ஒரே தகவல் இருந்தால் ஒரு வாரத்தில் இரண்டும் சண்டை போடும். தினமும் காலை 9.30-க்குத் திரும்பத் திரும்ப வரும் ஒரே நிகழ்வு, அதன் விவரத்தில் ஷீட்டின் சுட்டி. அது போதும். பகிர்ந்த காலண்டராக இருந்தால் நினைவூட்டலை ஒவ்வொருவரும் தங்கள் போனில் தனித்தனியே இயக்க வேண்டும், உங்கள் அமைப்பு அவர்களுக்குப் போகாது. அப்படியும் மணி அடிக்காவிட்டால் போனின் பேட்டரி சிக்கன அமைப்பில் காலண்டருக்கு விலக்கு கொடுங்கள்.

ஆரிக்கு நினைவூட்டல் உதவாது, பின்னோக்கிக் கணக்குதான் உதவும். டெலிவரி தேதியிலிருந்து தைக்கும் நாள், அதிலிருந்து ஆரி திரும்ப வேண்டிய நாள், அதிலிருந்து அனுப்ப வேண்டிய நாள் என்று மூன்று நெடுவரிசை. இதற்கு 'வொர்க்டே' ஃபங்ஷனைப் பயன்படுத்தாதீர்கள், அது சனிக்கிழமையையும் விடுமுறையாக எண்ணும். 'வொர்க்டே.இன்ட்டல்' என்பதில் முதலில் தேதி, இரண்டாவதாக -2 போன்ற நாள் எண்ணிக்கை, மூன்றாவதாக 11. அந்த 11 ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறி. நான்காவதாக பண்டிகை விடுமுறைகளை எழுதிவைத்த தனித் தாளின் பகுதி. ஆரிக்காரர் ஆறு நாள் என்றால் எட்டு நாள் கழியுங்கள்.

உண்மையில் தாமதம் தொடங்குவது துணி வாங்கும் மேசையில்தான். தேதி சொல்வதற்கு முன் 'அந்த நாளில் ஏற்கெனவே எவ்வளவு ஒப்புக்கொண்டிருக்கிறோம்' என்று ஷீட் சொல்ல வேண்டும். எண்ணிக்கையாகப் பார்த்தால் தப்பாகும், சாதா பிளவுஸும் பேட் வைத்த பிரின்செஸ் கட்டும் ஒரே வேலையில்லை. ஒரு துணிக்கு ஒரு வரிசை போட்டு, 'புள்ளி' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள்: சாதா 1, லைனிங் 1.5, பிரின்செஸ் கட் 2.5. இப்படித் தொடங்கி உங்கள் கை வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தனித் தாளில் வரும் 30 நாட்களை எழுதி, ஒவ்வொரு தைக்கும் நாளுக்கும் சம்இஃப்ஸ் (நிபந்தனைப்படி கூட்டும் சூத்திரம்) மூலம் புள்ளிகளைக் கூட்டுங்கள். மூன்று மெஷினும் சேர்ந்து ஒரு நாளில் 14 புள்ளி தைக்குமென்றால் 12-இல் மஞ்சள். மீதி 2 பழைய துணி ஆல்டரேஷனுக்கு. அது இல்லாத நாளே கிடையாது.

சிவப்பு விதியில் ஒரு திருத்தம்: கஸ்டம் ஃபார்முலாவில் 'தேதி நாளைக்குள்' என்பதோடு 'நிலை கொடுத்தாச்சு அல்ல', 'தேதி காலி அல்ல' இரண்டையும் சேருங்கள். காலிக் கட்டத்தை ஷீட் பூஜ்யமாக எடுத்து, கடந்த நாள் என்று சிவப்படித்துவிடும். நெடுவரிசை எழுத்துக்கு முன் டாலர் குறி போட்டால்தான் வரிசை முழுவதும் நிறம் மாறும்.

---

பாபின்:

யாரும் தொடாத ஒரு விஷயம். ஷீட்டை 'சுட்டி உள்ளவர் எவரும் திருத்தலாம்' என்று பகிர்ந்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். பெண்களின் போன் நம்பரும் உடல் அளவும் அதில் இருக்கிறது. நெடுவரிசையை மறைத்தாலும் 'ப்ரொடெக்ட்' போட்டாலும் அது பாதுகாப்பு ஆகாது. பார்ப்பவர் ஷீட்டை நகலெடுத்து விரித்துப் பார்த்துவிடலாம்.

ஆரிக்காரருக்குத் தனி ஃபைல் திறந்து, இம்போர்ட்ரேஞ்ச் (வேறு ஷீட்டிலிருந்து தகவலை இழுக்கும் சூத்திரம்) மூலம் பில் எண், டிசைன், தேதி மட்டும் கொண்டுவாருங்கள். அவருக்கு 'வியூவர்' உரிமை மட்டும். 'எடிட்டர்' கொடுத்தால், இணைப்பு அனுமதி ஏற்கெனவே இருப்பதால், அவர் நினைத்தால் மூல ஷீட்டின் எந்தப் பகுதியையும் இழுக்கலாம்.

டிசைன் போட்டோவுக்கு: வாட்ஸ்அப்பில் தேடினால் படத்தின் உள்ளே இருப்பது கிடைக்காது, கேப்ஷன்தான் கிடைக்கும். படம் வந்ததும் பில் எண்ணைக் கேப்ஷனாகப் போட்டு உங்களுக்கே ஒருமுறை அனுப்பிவிடுங்கள். டிரைவிலும் வைப்பதென்றால், இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்தே பங்கு போடுகின்றன. அது நிறைந்தால் புதுப் படம் ஏறாதது மட்டுமல்ல, மெயில் வருவதும் நின்றுவிடும். அதனால் கடைக்குத் தனி அக்கவுண்ட் வையுங்கள், வீட்டுப் படங்கள் அதில் வேண்டாம்.

பில் புத்தகத்தையும் விடாதீர்கள். நெட் போன நாளில் கார்பன் பிரதிதான் கையில் இருக்கும், தேதி குழம்பினால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் ஆதாரம்.