இன்சிஷன்: 'கீறல்' வேண்டாம், வேறென்ன?

செ.: வணக்கம். ஆற்று மேலாண்மைக் கையேட்டின் புவிப்புறவியல் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'சேனல் இன்சிஷன்' (ஆற்றின் அடி ஆழமாகிக்கொண்டே போவது) என்பதற்குப் பழைய கலைச்சொல் பட்டியலில் 'கீறல்' என்றிருக்கிறது. அது மருத்துவர் சொல். 'அரிப்பு' என்றே போட்டுவிடலாமா?

மு.: கூடவே கூடாது. அரிப்பு என்றால் படிப்பவர் கண் கரைக்குப் போகும், கருங்கல் பாவச் சொல்வார். இங்கே இறங்குவது ஆற்றின் அடி. மணற்குழி தோண்டினால் குழியின் மேற்பக்க விளிம்பு செங்குத்தாகிறது. வெள்ளம் அதைத் தின்று தின்று மேலாற்றுப் பக்கம் நகர்த்தும். கொண்டுவந்த மணலைக் குழியில் போட்டுவிட்டு வெறுமனே போகும் நீர், கீழாற்றுப் பக்கமும் தோண்டும். அடி இறங்க இறங்கக் கரை உயர்ந்து, தன் எடை தாங்காமல் சரியும். ஆய்வாளர்கள் ஷும், ஹார்வி, வாட்சன் 1984-இல் வகுத்த வரிசையும் இதுதான்: முதலில் ஆழம், பிறகு அகலம், அதன்பின் மேடிடல் (மண் படிந்து அடி உயர்வது). ஆழமாவது நிற்குமுன் கரையில் கல் பாவினால், கல்லின் பாதம் அந்தரத்தில் தொங்கும். முதலில் வேண்டியது குறுக்கே படுகை அணை, அதாவது அடி மேலும் இறங்காமல் பிடிக்கும் தாழ்வான தடுப்பு.

தி.: 'அகழ்வு'? அகம், அகடு, அகழி எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம்.

ப.: அகழ்வதற்கு ஆள் வேண்டும் ஐயா. குறளிலும் நிலம் தாங்குவது அகழ்வாரைத்தான். தவிர, எங்கள் இலங்கையில் 'மணல் அகழ்வு' என்றால் மணல் எடுப்பது. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல்லா? 'படுகை இறக்கம்' என்போம்.

மு.: காவிரிப் படுகை என்றால் வடிநிலம் முழுதும். தஞ்சைப் பக்கம் படுகை என்றால் ஆற்றோரம் வாழை போடும் நிலம். 'அடியிறக்கம்' போதும். "ஆறு இறங்கிட்டுது, தலைப்புல தண்ணி ஏறலை" என்று பாசனக்காரர் சொல்வதும் இதைத்தான்; தலைப்பு என்பது ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடம்.

தி.: நிலம் அமிழ்ந்தாலும் இறக்கம்தானே? மண் வெளியேறியது சொல்லில் இல்லை. 'ஆழறுப்பு' என்பேன். நிலத்தை அறுப்பதால்தான் அது ஆறு.

ப.: ஆறு என்றால் வழி. ஆற்றுப்படையை மறந்துவிட்டீர்களா?

தி.: வழியும் அறுத்துப் போட்டதுதானே!

மு.: வேரை விடுங்கள். ஒன்றைக் குழப்ப வேண்டாம்: பாலத்தூணைச் சுற்றி வெள்ளத்தில் விழும் பள்ளம் வேறு. வெள்ளம் வடியும்போது அது பெரும்பாலும் தூர்ந்துவிடும். அடியிறக்கம் அப்படித் தூராது. ஒரே இடங்களில் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் குறுக்குவெட்டு மட்டம் எடுத்து ஒப்பிட்டால், கிலோமீட்டர் கணக்கில் நீளுவது தெரியும். இரண்டுக்கும் இரண்டு சொல் கட்டாயம்.

செ.: 'அடியிறக்கம்' என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் இன்சிஷன் என்பதையும் சேர்க்கிறேன். தூண் பள்ளத்துக்கு 'தூணடிப் பறிப்பு'.

தி.: ஆழறுப்பைச் சொல்லடைவிலாவது பதியுங்கள். 9-ஆம் பகுதியில் நில அமிழ்வு வரும்போது 'இறக்கம்' இடிக்கும்.